நடுத்தர கிராஸ்ஓவர்: மைலேஜ் கணக்கு ஒன்று சொல்கிறது, எக்ஸ்சேஞ்ச் கணக்கு வேறொன்று சொல்கிறது

#1 பழைய_செடான்

வணக்கம். இத்தனை நாள் ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவன், இன்று நானே ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன்.

என்னிடம் இருப்பது 9 வருடப் பழைய பெட்ரோல் செடான். 1,26,000 கிமீ ஓடியிருக்கிறது. பெரிய செலவு எதுவும் வைத்ததில்லை. ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி. அந்தத் தாழ்வான சீட்டிலிருந்து இறங்க ஒவ்வொரு முறையும் கதவுத் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார். பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். அதனால் நடுத்தர அளவில் ஒரு கிராஸ்ஓவர் (செடானைவிட உயரமான, எஸ்யூவி போன்ற கார்) பார்க்கிறேன்.

ஒரே மாடலில் இரண்டு தேர்வு: 1.5 டர்போ பெட்ரோல், பிரசுரத்தில் லிட்டருக்கு 16.5 கிமீ. ஹைப்ரிட் (பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் உள்ளது), பிரசுரத்தில் 22. டர்போவில் ஆல் வீல் டிரைவும் (நாலு சக்கரத்துக்கும் விசை போகும் வசதி) உண்டு. பழைய வண்டியைக் கொடுத்தால் எக்ஸ்சேஞ்ச் போனஸ் தருகிறார்களாம். "ஹைப்ரிட் எடுங்க சார், மைலேஜில் மிச்சம் பிடிக்கிறதிலேயே தவணை கட்டிடலாம்" என்கிறார் விற்பனையாளர். வருடத்துக்கு 14,000 கிமீ ஓட்டுவேன், பாதிக்கு மேல் நகரத்துக்குள். அவர் சொல்வது நடக்குமா?

#2 சும்மா_பார்ப்பவன்

மைலேஜ் மிச்சத்தில் தவணை கட்டியவர் யாரையாவது பார்த்தால் எனக்கும் அறிமுகப்படுத்துங்கள், காலில் விழ வேண்டும்.

#3 கணக்குப்பிள்ளை

சார், முதலில் உங்கள் செடான் உண்மையில் எவ்வளவு தருகிறது? மீட்டரில் காட்டுவதைச் சொல்லாதீர்கள். டேங்கை நிரப்பி, நாசில் முதல் முறை தானாக நின்றதும் நிறுத்தி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். நன்றாக ஓட்டிவிட்டு அதே பங்கில், அதே இயந்திரத்தில், மறுபடியும் முதல் நிறுத்தம் வரை நிரப்புங்கள். ஓடிய கிமீயை நிரப்பிய லிட்டரால் வகுங்கள். இப்படி மூன்று டேங்க் போட்டுச் சராசரி எடுத்துக்கொண்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம்.

#4 பழைய_செடான்

பழைய பில்கள் கைவசம் இருந்தன. கடைசி மூன்று டேங்க் சராசரி 13.0. மீட்டர் காட்டுவது 13.9. இத்தனை வருடம் அந்த 13.9ஐத்தான் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

#5 கணக்குப்பிள்ளை

எல்லோரும் அப்படித்தான். சரி, கணக்குக்கு வருவோம். பணத்தை மறந்துவிடுங்கள், எல்லாவற்றையும் லிட்டரில் பார்க்கலாம். ஊருக்கு ஊர் விலை மாறும், லிட்டர் மாறாது.

இப்போது உங்கள் செலவு: 14,000 ÷ 13 = வருடத்துக்கு 1,077 லிட்டர்.

பிரசுர எண்ணில் கொஞ்சம் கழிக்க வேண்டும். அந்தச் சோதனையை உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி, வகுத்த வேகத்தில் ஓட்டி எடுக்கிறார்கள். ஐரோப்பாவில் 2017க்கு முன் இருந்த பழைய முறை 20 நிமிடம், 11 கிமீ, அவ்வளவுதான். அதற்குப் பதிலாக வந்த டபிள்யூஎல்டிபி 30 நிமிடம், 23 கிமீ, உச்சத்தில் 131 கிமீ வேகம் வரை போகும். எவ்வளவோ தேவலை. ஆனால் அதிலும் ஏசி அணைத்துத்தான் இருக்கும். கார்களுக்குள்ளேயே இருக்கும் அளவுகருவிகளின் தரவைத் திரட்டி ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, டபிள்யூஎல்டிபி எண்ணைவிடச் சாலையில் பெட்ரோல், டீசல் வண்டிகள் சுமார் 20 சதவீதம் கூடுதலாகக் குடிக்கின்றன. அமெரிக்காவில் புதுக் காரின் கண்ணாடியில் ஒட்டும் மைலேஜ் எண் 2008 மாடல்களிலிருந்து ஏசி, அதிவேகம், குளிர் இவற்றையும் சேர்த்துக் கணக்கிடுவதால் நிஜத்துக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கும். உங்கள் பிரசுர எண் எந்த முறையில் வந்தது என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கும், பாருங்கள்.

நகரத்துக்குள் அதிகம் ஓட்டுகிறீர்கள் என்பதால் டர்போவுக்கு 11.5, ஹைப்ரிட்டுக்கு 17.5 என்று வைக்கிறேன்.

டர்போ: 1,217 லிட்டர். ஹைப்ரிட்: 800 லிட்டர்.

அதாவது டர்போ எடுத்தால் உங்கள் பழைய செடானைவிட வருடம் 140 லிட்டர் கூடப் போகும். உயரமான வண்டி, அகலமான முகப்பு, கூடுதல் எடை. இதைக் கேட்டு யாரும் கோபப்படக் கூடாது. ஹைப்ரிட் எடுத்தால் 277 லிட்டர் மிச்சம்.

இப்போது நீங்கள் ஒன்று செய்யுங்கள். எக்ஸ்சேஞ்ச் போக நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய மொத்தத் தொகையை உங்கள் ஊர் பெட்ரோல் விலையால் வகுத்துச் சொல்லுங்கள்.

#6 பழைய_செடான்

வகுத்துப் பார்த்தேன். ஹைப்ரிட்டுக்குச் சுமார் 17,000 லிட்டர் வருகிறது. டர்போவுக்கும் ஹைப்ரிட்டுக்கும் இடையே மட்டும் 2,300 லிட்டர் வித்தியாசம்.

#7 கணக்குப்பிள்ளை

17,000 ÷ 277 = 61 வருடம். தவணை கட்டி முடிக்க உங்கள் பேரனிடம் சொல்லிவையுங்கள்.

#8 சும்மா_பார்ப்பவன்

பேரன் அதற்குள் எலக்ட்ரிக்கை எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருப்பான்.

#9 நெடுஞ்சாலை

கணக்குப்பிள்ளை சொல்வது சரிதான், ஆனால் ஒரு பக்கம் மட்டும். சார் மைலேஜுக்காக மாற்றவில்லை, அம்மாவின் முழங்காலுக்காக மாற்றுகிறார். அந்தச் செலவு எப்படியும் உண்டு. ஆகவே 61 வருடக் கணக்கை விட்டுவிட்டு, டர்போவா ஹைப்ரிட்டா என்பதை மட்டும் பாருங்கள். கூடுதல் 2,300 லிட்டர், வருட மிச்சம் 417 லிட்டர். ஐந்தரை வருடம். இது பேசத்தக்க எண்.

ஆனால் அந்த 17.5 நகரத்து எண். ஹைப்ரிட்டின் ஆதாயம் எங்கிருந்து வருகிறது? பிரேக் அடிக்கும்போது வீணாகும் ஆற்றலை மோட்டார் பிடித்து பேட்டரிக்குள் தள்ளுகிறது, நெரிசலில் என்ஜின் அணைந்து கிடக்கிறது. 120இல் சீராகப் போகும்போது பிரேக்கும் இல்லை, அணைவதும் இல்லை. மிஞ்சுவது அட்கின்சன் முறையில் (எரிந்த வாயுவை இன்னும் விரியவிட்டுக் கூடுதல் வேலை வாங்கும் முறை) ஓடும் என்ஜினின் சிக்கனம் மட்டும்தான். அதோடு காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 100இலிருந்து 120க்குப் போனால் தடை 44 சதவீதம் கூடுகிறது. கிராஸ்ஓவரின் முகப்பு பெரியது, இந்த அடி செடானைவிடப் பலமாகவே விழும். நான் வாரம் 900 கிமீ நெடுஞ்சாலையில் போகிறவன். எனக்கு ஹைப்ரிட் கட்டாது.

மேலே பெட்டி கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தட்டையான முகப்புள்ள பெரிய கூரைப் பெட்டி அதிவேகச் சாலையில் 10 முதல் 25 சதவீதம் வரை தின்னும் என்று அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனக் குறிப்புகளே சொல்கின்றன. பயணம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

#10 டீசல்_பிரியன்

யாருமே டீசலைப் பேசவில்லையே? அந்த இழுவை எந்த ஹைப்ரிட்டில் வரும்!

#11 கணக்குப்பிள்ளை

அண்ணே, அவர் பாதிக்கு மேல் நகரத்துக்குள் ஓட்டுகிறார். டீசல் புகைப்போக்கியில் உள்ள வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் அந்தச் சூடு வராது. வடிகட்டி அடைத்துக்கொள்ளும், விளக்கு எரியும், அப்புறம் மெக்கானிக் சிரிப்பார். நெடுஞ்சாலை சாரைப் போல் தொலைதூரம் போகிறவருக்கு டீசல் இன்றும் நல்லதுதான். ஆனால் பழைய டீசல் வண்டிகளை உள்ளே விடாத நகரங்கள் கூடிக்கொண்டு வருகின்றன. நாளை விற்கப் போகும்போது அதுவும் விலையில் தெரியும்.

#12 சாளரம்

ஹைப்ரிட் கிராஸ்ஓவர் 6 வருடமாக ஓட்டுகிறேன். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. நகரத்தில் 18க்குக் குறைந்ததில்லை, நெடுஞ்சாலையில் 15ஐத் தாண்டியதில்லை. நெடுஞ்சாலை சார் சொல்வது அப்படியே என் நோட்டில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பின்பக்கம் "ஹைப்ரிட்" என்று ஒட்டியிருப்பதெல்லாம் ஹைப்ரிட் அல்ல. 48 வோல்ட் மைல்ட் ஹைப்ரிட்டில் பெரும்பாலும் அந்தச் சின்ன மோட்டார் என்ஜினுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான். என்ஜினை அணைத்துவிட்டு வண்டியைத் தானே நகர்த்தாது. மைலேஜும் அதற்கேற்ற அளவில்தான் கூடும். ஓட்டிப் பார்க்கும்போது மெதுவாக நகர்த்துங்கள். என்ஜின் சத்தமே இல்லாமல் நகர்ந்தால் முழு ஹைப்ரிட். சார்ஜ் போடும் ப்ளக்-இன் வேறு கதை. தினமும் வீட்டில் சார்ஜ் போடுகிறவருக்கு அருமை. போடாதவருக்கு, கனமான பேட்டரியைச் சுமந்து திரியும் பெட்ரோல் வண்டி. மேலே சொன்ன அதே ஐரோப்பிய அறிக்கையில் ப்ளக்-இன் வண்டிகள் சாலையில் நிஜமாக விடும் கார்பன் டை ஆக்சைடு, சோதனை எண்ணைப்போல் மூன்றரை மடங்கு.

பேட்டரியைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். பல நிறுவனங்கள் 8 வருடம் வாரண்டி தருகின்றன. நான் பட்ட பாடு வேறு. போன வருடம் பின்சீட்டுக்கு அடியிலிருந்து விசிறி இரைச்சல் போட ஆரம்பித்தது. சர்வீஸ் மையத்தில் பேட்டரி போய்விட்டிருக்கலாம் என்று ஒரு பெரிய தொகை சொன்னார்கள். வீட்டுக்கு வந்து பின்சீட்டுக்குக் கீழ் இருக்கும் காற்றுத் துளையின் மூடியைக் கழற்றினேன். உள்ளே வலை மேல் எங்கள் நாயின் ரோமம், தூசியோடு சேர்ந்து ஒரு கம்பளித் துண்டு போலப் படிந்திருந்தது. இரண்டு விரலால் உரித்து எடுத்தேன். அப்புறம் இரைச்சல் இல்லை. பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று அந்த வழியாகத்தான் போகிறது. யாரும் சொல்லித்தர மாட்டார்கள், கையேட்டில் மட்டும் இருக்கும்.

#13 பழைய_செடான்

சாளரம் மேடம், நன்றி. கேள்விகள் கூடிக்கொண்டே போகின்றன. மைலேஜ் தெளிவாகிவிட்டது. எக்ஸ்சேஞ்ச்தான் புரியவில்லை. ஒரு இடத்தில் பழைய வண்டிக்கு நல்ல விலை சொல்கிறார்கள், புதுசுக்கு ஒரு பைசா குறைக்க மாட்டேன் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் நேர் எதிர்.

#14 மூன்றாம்_கியர்

தம்பி, பதினோரு வருடம் எக்ஸ்சேஞ்ச் வண்டிகளுக்கு விலை போட்ட கை இது. இப்போது அந்த வேலையில் இல்லை, அதனால் தாராளமாகச் சொல்கிறேன்.

மேஜையில் மூன்று எண்கள் இருக்கும். புது வண்டியின் விலை, பழைய வண்டியின் விலை, கடனின் வட்டி. மூன்றும் ஒரே பணப்பையிலிருந்து வருகிறவை. ஒன்றில் உங்களை மகிழ வைத்துவிட்டு இன்னொன்றில் எடுத்துக்கொள்வோம். போனஸ் என்பது பல சமயம் உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய தள்ளுபடிதான், பெயர் மாறி வருகிறது. ஆகவே முதலில் "பழைய வண்டியே இல்லை, கையில் காசு, என்ன விலை?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எக்ஸ்சேஞ்ச் பேச்சை அதற்குப் பிறகு எடுங்கள். கடைசியில் நீங்கள் பார்க்க வேண்டியது கையிலிருந்து போகும் வித்தியாசம் ஒன்றுதான். சில இடங்களில் பழைய வண்டியின் மதிப்பைக் கழித்த பிறகு மிச்சத்துக்குத்தான் விற்பனை வரி. அங்கே மட்டும் எக்ஸ்சேஞ்சுக்குக் கூடுதல் பலம் உண்டு.

நாங்கள் எப்படிப் பார்ப்போம் என்று சொல்கிறேன். வண்டி உள்ளே நுழையும்போதே கதவு விளிம்புகளுக்கு இடையே உள்ள இடைவெளியைக் கண்ணால் அளந்துவிடுவேன். அப்புறம் நகத்தின் பின்புறத்தைக் கதவு ஓரம் வழியாக இழுப்பேன். மறுபெயிண்ட் அடித்த இடத்தில் டேப் ஒட்டிய கோடு நகத்தில் தட்டும். பானட்டைத் திறந்து, மட்கார்டு போல்ட்டின் தலையில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். டயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரம் செய்தது. நாலும் ஒரே தேதியா? கண்ணாடிகளில் வருடக் குறி ஒத்துப்போகிறதா? ஓடோமீட்டர் 60,000 சொல்லி, பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் சிரித்துக்கொண்டே விலையைக் குறைப்பேன்.

எச்சரிக்கை விளக்கை முந்தின நாள் அழித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. கருவியைச் செருகினால், கோளாறு காட்டாவிட்டாலும் என்ஜினின் சுயசோதனைகள் இன்னும் முடியவில்லை என்று காட்டும். நேற்றுதான் அழித்தார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

செலவு செய்யாதீர்கள். புது டயர் போட்டுக் கொண்டுவந்தால் அதில் பாதி விலைகூடக் கிடைக்காது. பம்பர் கீறலுக்குப் பெயிண்ட் அடித்தால், எதை மறைக்கிறார் என்று சந்தேகம்தான் வரும். நன்றாகக் கழுவுங்கள், உள்ளே சுத்தம் செய்யுங்கள், சர்வீஸ் பில்களைத் தேதிவாரியாக அடுக்குங்கள், இரண்டாவது சாவியைத் தேடுங்கள். சாவி ஒன்றுதான் என்றால் உடனே கழிப்போம், புதுச் சாவி செய்வது இன்று சின்னச் செலவல்ல.

#15 கணக்குப்பிள்ளை

மூன்றாம் கியர் அண்ணன் சொன்ன பில் விஷயத்துக்குப் பின்னால் ஒரு பொருளாதாரமே இருக்கிறது. ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதியது இதைத்தான்: விற்பவனுக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லா வண்டியையும் கெட்டது என்று நினைத்து விலை கேட்கிறான், நல்ல வண்டி வைத்திருப்பவன் விற்காமல் ஒதுங்குகிறான். 2001இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். உங்கள் சர்வீஸ் பில் கட்டு அந்தச் சந்தேகத்தைத்தான் உடைக்கிறது.

இன்னொன்று, கிமீ/லிட்டர் என்ற அளவே கண்ணை ஏமாற்றும். 8 கிமீ தரும் வண்டியை 10 தரும் வண்டியாக மாற்றினால் 100 கிமீக்கு இரண்டரை லிட்டர் மிச்சம். 18ஐ 24 ஆக்கினால் 1.4 லிட்டர்கூட இல்லை. 2 பெரிதா 6 பெரிதா என்று பார்த்தால் தப்பான பக்கம் சாய்வோம். டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008இல் ஆட்களிடம் சோதித்தே இதைக் காட்டினார்கள். வீட்டில் இரண்டு வண்டி இருந்தால், அதிகம் குடிப்பதை முதலில் மாற்றுங்கள்.

#16 நெடுஞ்சாலை

எக்ஸ்சேஞ்சில் நான் பட்ட அடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டியைக் கொடுத்துவிட்டு வந்து எட்டு மாதம் கழித்து என் பெயருக்கு அபராத நோட்டீஸ். வாங்கிய கடைக்காரர் வேறொருவருக்கு விற்றுவிட்டார், பெயர் மட்டும் என் பெயரிலேயே இருந்தது. மூன்று நோட்டீஸ் வந்தது. பெயர் மாற்றிய ஆவணத்தின் நகல் கைக்கு வரும் வரை போன் செய்துகொண்டே இருங்கள். ஒப்படைத்த தேதி, நேரம், ஓடோமீட்டர் எண்ணை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

#17 சும்மா_பார்ப்பவன்

எனக்கு ஒரு நிஜமான சந்தேகம். பழைய வண்டியின் கடன் இன்னும் முடியவில்லை, அதையும் புதுக் கடனோடு சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார்களே?

#18 மூன்றாம்_கியர்

பாக்கிக் கடன் வண்டியின் மதிப்பைவிட அதிகமாக இருந்தால் சேர்க்காதே. இல்லாத வண்டிக்கும் வட்டி கட்டிக்கொண்டிருப்பாய். மாதத் தவணை குறைவாகத் தெரிய 7 வருடம் இழுத்துத் தருவார்கள். மூன்றாம் வருடம் மறுபடி மாற்றத் தோன்றும்போது இதைவிடப் பெரிய பள்ளத்தில் நிற்பாய். இன்னும் ஒரு வருடம் பழையதையே ஓட்டு.

#19 பழைய_செடான்

ஆல் வீல் டிரைவ் எடுத்தால் மறுவிற்பனைக்கு நல்லது என்கிறார்களே?

#20 சாளரம்

பனியும் சேறும் உள்ள இடத்தில் நல்லது. மற்ற இடத்தில் எடையைச் சுமந்து மைலேஜை இழக்கிறீர்கள். ஒரு டயர் கிழிந்தால் பல மாடல்களில் மற்ற மூன்றோடு தேய்மானம் ஒத்துப்போக வேண்டும் என்பார்கள், சில சமயம் நாலையும் மாற்ற வேண்டிவரும். உங்கள் தெருவில் எத்தனை பேர் அந்த வசதியைக் கேட்டு வாங்குகிறார்கள் என்று பாருங்கள். அவர்கள்தான் நாளை உங்கள் வண்டியை வாங்கப் போகிறவர்கள்.

ஹைப்ரிட்டுக்குக் கூடக் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு விற்கும்போது திரும்பும், அதையும் கணக்கில் சேருங்கள். மூன்றில் ஒரு பங்கு திரும்பினால்கூட உங்கள் ஐந்தரை வருடம் மூன்றரை, நாலு வருடத்துக்கு இறங்கிவிடும். அப்புறம், அம்மாவை ஷோரூமுக்கு அழைத்துப் போனீர்களா?

#21 பழைய_செடான்

இல்லை. இந்த ஞாயிறு.

#22 பழைய_செடான்

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அம்மாவை அழைத்துப் போனது நல்லதாயிற்று. நான் மனதில் வைத்திருந்த பெரிய மாடலில் சீட் மிக உயரம், கால் தூக்க முடியவில்லை. அதைவிட ஒரு சுற்று சிறிய கிராஸ்ஓவரில் சீட் அவர் இடுப்பு உயரத்துக்குச் சரியாக இருந்தது, உட்கார்ந்து காலைத் திருப்பிக்கொண்டார். அதையே எடுத்தோம். முன்சக்கர ஹைப்ரிட்.

மூன்றாம் கியர் அண்ணன் சொன்னபடி புது விலையைத் தனியாக எழுதி வாங்கினேன். பழைய வண்டியைச் சொன்னதும் "அப்போ அந்தத் தள்ளுபடி கிடையாது சார்" என்றார் விற்பனையாளர். எக்ஸ்சேஞ்சை விட்டுவிட்டேன். செடானை எங்கள் அலுவலகத்தில் வேலை செய்பவர் நேரடியாக வாங்கிக்கொண்டார், எக்ஸ்சேஞ்ச் விலையைவிட என் கணக்கில் 1,100 லிட்டர் கூடுதலாக. பில் கட்டைப் பார்த்து அவர் பேரமே பேசவில்லை. இரண்டாவது சாவி தையல் டப்பாவில் இருந்தது. பெயர் மாற்ற நகல் வந்துவிட்டது.

முதல் டேங்க்: 641 கிமீ, 36.8 லிட்டர். மீட்டர் 18.6 என்கிறது.

#23 கணக்குப்பிள்ளை

17.4. ஒரு டேங்கை வைத்துத் துள்ளாதீர்கள், மூன்று போடுங்கள். டயர் காற்று எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? வீல் எத்தனை அங்குலம்? இரண்டும் மைலேஜைப் பாதிக்கும்.

#24 பழைய_செடான்

கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுதான், காலையில் வண்டி எடுக்கும் முன் பார்த்தேன். வீல் 18. பதினேழு உள்ள மாடலில் அம்மாவுக்குப் பிடித்த நிறம் இல்லை.